எனக்குக் கிடைக்காத கத்தரிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊதா உடம்பு, பச்சைத் தொப்பி, மேலே தெளித்த தண்ணீரின் பளபளப்பு. கையில் எடுத்த ஒன்றைத் தட்டிலும் போடாமல், திரும்பக் குவியலிலும் போடாமல் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

“அண்ணே, அது கத்தரிக்கா. கிரிக்கெட் பந்து இல்ல,” என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் பையைப் பிடித்தபடி நின்ற மகள் சிரித்தாள். எங்களைப் பார்த்து அல்ல, தன் கைப்பேசியைப் பார்த்து. என்னவென்று கேட்டேன்.

“சாப்பாட்டுக் கடைல டிஷ்யூ பாக்கெட் வச்சு மேசைல இடம் பிடிக்கிறது தப்பில்லன்னு ஒரு போஸ்ட் போட்டேன்ப்பா. கமெண்ட் நிக்கவே மாட்டேங்குது. பாதிப் பேர் என்னைத் திட்றாங்க லா!”

திட்டுகிறார்கள் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர்வில் முதலிடம் வந்தபோதுகூட அப்படி மலர்ந்ததில்லை. எனக்குள் புளித்த ஏப்பம்போல ஒன்று மேலேறி வந்தது. சிரிக்காதீர்கள், நண்பரே. பொறாமைதான். பெற்ற மகள்மேல், அதுவும் ஊரெல்லாம் அவளைத் திட்டுகிறது என்பதற்காக.

ஆனால் இந்தப் பொறாமை அவளைவிட மூத்தது. அது பிறந்த இடம் ஜாலான் புசார்.

அங்கே ஒரு குழாய்க்கடையில் வேலை பார்த்தேன். வாசலில் குழாய்கள், நடுவில் முழங்கைபோல் வளைந்த இணைப்புகளும் திருகாணிகளும், கடைசியில் ஒரு மின்விசிறியும் நானும் ஒரு கணினியும். இன்றும் எங்காவது குழாய் ஒட்டும் பசை டப்பாவைத் திறந்தால், அந்தக் காட்டமான வாசனைக்குள்ளிருந்து விசைப்பலகையின் தட்டல் எனக்குக் கேட்கும். கையிருப்புப் பார்ப்பதற்கென்று வாங்கிய கணினி அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தமிழ் பேசும். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் கவிதை. தமிழ் தெரியாத முதலாளி பின்னால் வந்து நின்று திரையை உற்றுப் பார்ப்பார். “யுவர் ரைட்டிங் ஆல் ரவுண்ட் ஒன். லைக் மை வாஷர்,” என்பார். திட்டமாட்டார். நல்ல மனிதர்.

அந்தத் திரைக்குள் இருந்தது ‘வம்பு மேசை’. பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்காதீர்கள். சிங்கப்பூர்த் தமிழர் கொஞ்சப் பேர் கூடி எதையாவது விவாதிக்கும் ஓர் இணைய மன்றம். நடத்தியவர் ஒரு கணக்காய்வாளர். வேலையில் அவருக்கு ஒரு சல்லி பிசகக்கூடாது என்பதால், பிசகுவதற்கென்றே இந்த இடத்தைத் தொடங்கியதாகச் சொல்வார். சட்டையை உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டால்தான் நிறம் நிற்குமா என்பதில் தொடங்கும் பேச்சு, பள்ளியில் தாய்மொழிப் பாடத்தின் சுமையில் போய் நிற்கும். அங்கிருந்து, பறவைகள் மின்கம்பியில் உட்கார்ந்தும் ஏன் சாவதில்லை என்பதற்குத் தாவும். எழுத்துரு சரியில்லாதவர்களுக்கு எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். கட்டங்களைப் பார்த்தே கோபப்பட்டவர்களும் உண்டு.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதன்முதலில் நடந்த பெரிய சண்டை, நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுக்குமா, கறுக்காதா என்பது. கறுக்காது என்று மூன்று பக்கம் வாதாடிய கணக்காய்வாளர், வீட்டில் நறுக்கி வைத்துப் பார்த்துவிட்டு வந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்காய்ப் படத்தை மாட்டிக்கொண்டார். ‘தோற்றேன்’ என்று எழுதக் கூச்சமாக இருந்ததாம். அன்றிலிருந்து அதுவே சட்டம். வாதத்தில் தோற்றவர் தானாகவே கத்தரிக்காயை மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் தோற்கும்வரை. யாரும் யாருக்கும் மாட்டிவிடக்கூடாது. முதலில் கேலியாகத்தான் இருந்தது. போகப்போக அது பதக்கமாகிவிட்டது. கத்தரிக்காய்க்காரர் என்றால், அடுத்தவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஆள்.

அதிகம் மாட்டியவன் மணி. தொடக்கப்பள்ளியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அப்போது விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை. எதையும் யோசிக்காமல் அடித்துவிடுவான். அவனைத் தோற்கடிப்பவள் பெரும்பாலும் திலகா. தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். மற்றவர்கள் பத்தி பத்தியாகப் பொங்கிக்கொண்டிருக்க, அவள் ஒரே சொல் எழுதுவாள்: “ஆதாரம்?”

அந்தச் சொல்லுக்கு மன்றமே நடுங்கும். நான் அதற்கு ஏங்கினேன்.

ஏனென்றால் எனக்கு அது வரவேயில்லை. மன்றத்தில் என் பெயர் ‘ஈரநிலா’. (அந்த வயதில் யார்தான் ஏதோ ஒரு நிலாவாக இல்லை?) நான் எழுதினால் கீழே வரிசையாக வரும்: அருமை. மிக அருமை. என்ன நடை! திலகாவும் போடுவாள்: “அருமை சார்.” அடுத்த நொடி மணியின் பதிவுக்குப் போய்விடுவாள். அங்கே “நீ என்ன ஒளர்ற?” என்று தொடங்கும் சண்டை பக்கம் பக்கமாக ஓடும். அவனுக்கு நீ. எனக்கு நீங்களும், கூடவே ஒரு சாரும். ஆளில்லாத ஓட்டலில் பரிமாறுபவர் காட்டும் மரியாதை மாதிரி இருந்தது அது.

ஒரு முறை இட்லி மாவு விவாதம் வந்தது. கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும், கையின் சூட்டில் ஏதோ இருக்கிறது என்றான் மணி. ஆதாரம் கேட்ட திலகா அதோடு விடவில்லை. ஆளுக்கு இரண்டு பாத்திரம். ஒன்றில் கையால், மற்றதில் கரண்டியால். ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் மாவோடு வரவேண்டும். வந்தார்கள்! டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. மணியின் டப்பா வழியிலேயே மூடியைத் தூக்கிவிட்டது.

“எதிர் சீட்டு அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில, தம்பி உங்க பை அழுவுதுன்னாங்க,” என்று உள்ளே வந்தான்.

இரண்டு மாவும் ஒரே அளவுதான் பொங்கியிருந்தன. நம் ஊர் வெக்கைக்குக் கை எதற்கு, கரண்டி எதற்கு? மணியை உட்காரவைத்துத் துருவினாள் திலகா. எப்போது அரைத்தாய், என்ன தண்ணீர், பாத்திரம் எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா. நான் என் டப்பாக்களைத் திறந்து வைத்து, மாவு தூங்கும் குழந்தையைப்போல மூச்சு விடுவதைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் நிமிர்ந்து புன்னகைத்தாள்.

“நீங்க இத அப்படியே எழுதுங்க சார். நல்லா இருக்கும்.”

டப்பாக்களுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மணியிடம் கொட்டினேன். “என்கிட்ட மட்டும் ஏன்டா யாரும் சண்டைக்கு வர மாட்டேங்கறாங்க?”

“நீ எங்கடா பிடி குடுக்கற? அழகா எழுதி, இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிடற. யாரு கசக்குவா?” என்றான். அவன் பையிலிருந்து புளித்த மாவு வாடை வீசிக்கொண்டே இருந்தது. அந்த வாடையைக்கூட நான் பொறாமையோடுதான் முகர்ந்தேன்.

அப்புறம் வந்தது மின்தூக்கி விவாதம். பழைய அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றலாமா என்று குடியிருப்பவர்களிடம் வாக்குக் கேட்டார்கள். மணியின் மாடியில் ஏற்கெனவே நின்றது. மாதக்கணக்கில் இடிப்பு, தூசி, சத்தம். நான் எதுக்கு ஆமான்னு போடணும் என்று எழுதினான்.

இதுதான் சமயம் என்று நானும் குதித்தேன். வேண்டுமென்றே அபத்தமாக எழுதினேன். மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றால் படிக்கட்டுகள் அநாதையாகிவிடும், அண்டை வீட்டார் மூச்சிரைக்கச் சந்தித்துக்கொள்ளும் அந்தக் கடைசி இடமும் போய்விடும், ஆகவே வாக்களிக்காதீர்கள் என்று உருகினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இன்றைக்கு வராமல் எங்கே போகும், அந்த ‘ஆதாரம்?’.

அருமை. அருமை. கண் கலங்கிவிட்டது. அருமை சார்.

மணிக்கு மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: “எங்கப்பா வீட்டுக்கு லிஃப்ட் ஒரு மாடி கீழதான் நிக்குது. சனிக்கிழமை கிளினிக் போகணும். நீ வா. வந்து பாத்துட்டு அப்புறம் ஓட்டப் பத்தி பேசு.”

மணி போனான். சக்கர நாற்காலியோடு அவரைப் படிகளில் இறக்கினார்கள், முன்னால் மணி, பின்னால் திலகாவின் தம்பி. அவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல், வழி நெடுக மணியின் முடியைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாராம். “மேலேர்ந்து பாத்தா நடுவுல காலியா இருக்கு தம்பி, சீக்கிரம் கல்யாணம் பண்ணிடு.” அன்று மாலை மணியின் பெயருக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் ஏறியது. விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் நாற்காலி தூக்கப் போய்க்கொண்டிருந்தான். மின்தூக்கி வந்து நிற்கும்வரை.

நான் பாராட்டுகளை எண்ணிக்கொண்டு குழாய்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் கூப்பிட்டிருக்கலாமே. நானும்தானே தப்பாக எழுதினேன், அவனைவிடத் தப்பாக? தப்பைத் தப்பென்று சொல்லக்கூட ஒரு நெருக்கம் வேண்டியிருக்கிறது. அவனை அவர்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். என்னை மேடையிலேயே விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் மெல்ல மெல்ல முகநூலுக்குப் போனார்கள். மன்றம் காலியானது. இந்த மாதத்தோடு மூடுகிறேன் என்று கணக்காய்வாளர் அறிவித்தார். ஆளாளுக்கு விடைபெற்று எழுதினோம். நானும் எழுதினேன், வழக்கம்போல இஸ்திரி போட்டு. அதில் போகிற போக்கில் ஒரு வரி: மழைக்குச் சற்று முன்னால் தேக்காப் பூக்கடைகளில் மல்லிகையின் மணம் கூடிவிடுகிறது.

மறுநாள் மதியம் கணினியைத் திறந்தேன். அருமைகளுக்கு நடுவே, அவள் பெயரில், அந்த ஒற்றைச் சொல்.

“ஆதாரம்?”

முதலாளி வந்து என்ன என்று கேட்டார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேனாம்.

உடனே ஏதாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாழ்வில் ஒரே ஒரு முறை கேட்கப்பட்ட கேள்வி. அழகாக மழுப்ப மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் தேக்காவில் சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைக்கு நடந்தேன். மேகம் இருட்டிய மாலைகளில் போனேன், வெறும் வெயிலிலும் போனேன். கண்ணை மூடி முகர்ந்தேன். பூக்காரம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

“வாங்கறீங்களா, இல்ல வாசம் மட்டும் போதுமா?”

“மழைக்கு முன்னாடி மல்லிகை வாசம் கூடுமாக்கா?”

“மழைக்கு முன்னாடி எனக்கு யாவாரம் கொறையும். அது தெரியும்.”

மணம் கூடவில்லை, நண்பரே. வெயிலிலும் மேகத்திலும் ஒன்றாகத்தான் இருந்தது. மழை நெருங்கியபோது தார்ச்சாலை நெடியும் சாக்கடை நாற்றமும் கலந்து எழுந்து, இருந்த மல்லிகையையும் அமுக்கிவிட்டன. நான் எழுதியது தப்பு, அப்பட்டமாக. அன்று நனைந்துகொண்டே திரும்பினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை. மறுநாள் கடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கணினியைத் திறந்தேன், கத்தரிக்காயை மாட்டிக்கொள்ள.

பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. மாதம் முடிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

திலகா இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். எண் மணியிடம் இருக்கிறது. “ஒரு மெசேஜ் போட்டுத் தொலையேன்லா,” என்கிறான் ஒவ்வொரு முறையும். போட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அருமை சார்.

சந்தையில் இந்தக் கதையில் பாதியை மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “தோத்தவங்களே மாட்டிக்குவாங்களா? சும்மா சொல்லாதீங்கப்பா,” என்றாள். “இங்க யாரும் தோக்கறதே இல்ல. ரொம்ப முத்திப்போச்சுன்னா பிளாக் பண்ணிடுவாங்க.” அவள் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. யாரோ திட்டியிருக்கிறார்கள். அவள் முகம் மலர்ந்தது.

கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த பையை நான் வாங்கிக்கொண்டேன். கையில் உருட்டிக்கொண்டிருந்த அந்த ஒன்றை மட்டும் பையில் போடவில்லை. சட்டைப் பைக்குப் பக்கத்தில், பெயர்ப்பட்டை குத்தும் இடத்தில், ஒரு கணம் வைத்துப் பார்த்தேன்.

“ப்பா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் மகள்.

யாரும் பார்க்கவில்லை.