அப்பாவின் முறுக்கு டப்பா யாரிடம் இருக்கிறது?

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்த நாளில், துக்கத்தில் எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் நினைவு மலரில் வரும் கட்டுரை என்பதால் அமைதியாக எழுத வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். முயற்சி செய்கிறேன். ஆனால் பல மாதங்களாக ஒரே விஷயத்துக்காக உங்கள் எல்லோருக்கும் போன் செய்து தொண்டை வறண்டு போயிருக்கிறேன் என்பதையும் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது ஜீயபுரத்தில். தாத்தா வாழை போட்டிருந்தார். ஒரு வருஷம் அடித்த காற்றில் குலை தள்ளிய மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டதால், கல்லூரிக்குப் போக வேண்டிய அப்பா வேலை தேடித் திருச்சிக்கு வந்தார். சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு தனியார் பஸ் கம்பெனியின் அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். தம் தங்கைகளைப் படிக்க வைத்து, திருமணமும் செய்து வைத்தார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். குரலை உயர்த்தும் வேலையை அம்மாவுக்கும் எனக்கும் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய சிந்தசைசர்கள். மின்சாரத்தைக் கொண்டே விதவிதமான ஒலிகளை உண்டாக்கும் கீபோர்டுகள் அவை. உங்களில் பலர் "அந்த ஆர்மோனியப் பெட்டியை எடைக்குப் போடலாமே" என்று எங்களுக்கு யோசனை சொன்னது இவற்றைத்தான். அந்தப் பைத்தியம் தொடங்கியது அவருடைய கல்யாண வரவேற்பில். மெல்லிசைக் குழுவினர் ஜப்பானிலிருந்து வந்த ஒரு கீபோர்டைக் கொண்டுவந்திருந்தார்கள். அது நூறு வோல்ட்டில் ஓட வேண்டியது. மண்டபத்துச் சுவரில் இருநூற்று முப்பது வோல்ட்டில் யாரோ செருகிவிட, குப்பென்று புகை வந்தது.

அம்மா இன்றைக்கும் ஆற்றாமையோடு சொல்வார்: "மாலையும் கழுத்துமா மேடையில நான் மட்டும் உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை எங்கன்னு போட்டோ எடுக்கறவர் கேக்கறார். இவர் ஸ்பீக்கருக்குப் பின்னாடி குந்தி உக்காந்து, எது கருகிச்சுன்னு மோந்து பாத்துட்டு இருக்கார்!"

குழுவினருக்கு அது வேண்டாத பொருளாகிவிட்டது. அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். சீர்ப் பாத்திரங்களோடு அதுவும் ஸ்ரீரங்கத்துக்குக் குடித்தனம் வந்தது.

கீபோர்டுக்கு மின்சாரம் தரும், கருகிப்போன மின்பகுதியை அப்பா முழுதாகப் பிடுங்கி எறிந்துவிட்டார். நம் ஊர் வெயிலில் உள்ளே இன்னொரு சூடு வேண்டாம் என்று புதிய மின்பகுதியை வெளியே தனியாகச் செய்தார். அதற்குப் பெட்டி வேண்டுமே? மணப்பாறை முறுக்கு வந்த ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே டிரான்ஸ்பார்மர். பின்பக்கம் இரண்டு சாக்கெட்டுகள்: ஒன்று சுவரிலிருந்து வரும் வயருக்கு, இன்னொன்று கீபோர்டுக்குப் போகும், பல பின்கள் கொண்ட வயருக்கு. இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டால் அது வெறும் முறுக்கு டப்பாதான். எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று எழுதி ஒட்டுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எனக்குத்தான் தெரியுமேம்மா, அப்புறம் என்ன?" என்பார். இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு குழுக்கள் கழித்துப்போட்ட கீபோர்டுகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. எதையும் அவர் வாங்கியபடி விட்டுவைத்ததில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் வரும் என்பது அவருக்கு மட்டுமே வெளிச்சம். ஒரு நாள் அம்மா தெரியாமல் நூறு வோல்ட்டில் மிக்ஸியைச் செருகிவிட்டார். அது முனகிக்கொண்டே சுற்றியதில் சட்னி அரைபடவில்லை. தேங்காயைச் சில்லு சில்லாகத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம்.

ஆனால் காலையில் அவர் தொடுவது அந்தக் கல்யாண கீபோர்டை மட்டும்தான். அதில் அவரே ஒரு ஒலியை உருவாக்கி வைத்திருந்தார். நாதஸ்வரமும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. ஈரக் கையால் பித்தளைச் சொம்பின் விளிம்பைத் தேய்த்தால் வருவது போல் ஒன்று. எழுந்ததும் சுவரில் சுவிட்சைப் போட்டு, அந்த ஒலியில் நான்கு கட்டைகளை அழுத்திப் பார்ப்பார். மெஷின் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். அடுக்களையில் அம்மா அதைக் கேட்டதும் டிகாஷனில் பாலை ஊற்றுவார். "விடிஞ்சா இந்த ஊளைச் சத்தம்தான்" என்று திட்டிக்கொண்டே ஊற்றுவார்.

இந்த ஒலியை நினைவில் வைத்திருப்பது கீபோர்டுக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி ஒன்றுதான். அது தீர்ந்தால் ஒலியும் அழிந்துவிடும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். "ஓடுற பஸ்ல டயர் மாத்தற மாதிரி" என்று சிரித்துக்கொண்டே அப்பா அவ்வப்போது மாற்றுவார். மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களிலும் அம்மாவிடம், "வீட்டுக்குப் போனதும் பேட்டரி மாத்தணும், ஞாபகப்படுத்து" என்றார். "இப்பவும் உங்களுக்கு அதுதானா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை.

காரியத்துக்கு முதல் நாள் அப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துப் படைத்தோம். நீங்களும் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்தீர்கள். உட்கார இடம் வேண்டும் என்று சின்ன அத்தை கூடத்தை ஒழித்தபோது, அப்பாவின் டப்பா மற்ற டப்பாக்களோடு அடுக்களைக்குப் போய்விட்டது. எல்லோரும் கிளம்பிய பிறகு அத்தை மறக்காமல் "அண்ணன் டப்பா" என்று ஒன்றைத் தேடி எடுத்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் துடைத்து வைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மா என்னிடம், "அந்தச் சத்தத்தை ஒரு தடவை போடேன்" என்றார். வாழ்நாள் முழுக்க அதைத் திட்டியவர் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வயரை எடுத்துக்கொண்டு போனால், டப்பாவில் செருக சாக்கெட் இல்லை. திறந்தேன். உள்ளே முறுக்கு.

உங்களில் யாரோ முறுக்கு கொண்டுவந்து, உங்கள் டப்பா என்று நினைத்து எங்களுடையதை எடுத்துப் போயிருக்கிறீர்கள். கேட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்வதில்லை. "எங்க வீட்டுல டப்பாவே இல்லம்மா" என்றார் தொட்டியத்துச் சித்தப்பா. டப்பா இல்லாத வீடும் உண்டா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விவரம் எழுதினேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் மறுபடியும் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டார். யாருமே படிப்பதில்லையா?

சரி, போனில் பதிவு செய்தது இருக்குமே என்பீர்கள். தினமும் கேட்கும் சத்தத்தை யார் பதிவு செய்வார்கள்? தேடித் தேடி ஒரு பிறந்தநாள் வீடியோ கிடைத்தது. முதல் கட்டை ஒலிக்கும்போதே தம்பியின் குரல் "அப்பா, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்கிறது. அப்பாவும் நிறுத்திவிடுகிறார். இந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னான் தம்பி. நான் எடுக்கவில்லை.

தென்னூரில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் அப்பாவின் நண்பர் வந்து கீபோர்டைத் திறந்து பேட்டரியை அளந்தார். "இன்னும் உயிர் இருக்கும்மா. ரொம்ப நாள் தாங்காது" என்றார். வேறு மின்பகுதி செய்துதர முடியுமா என்று கேட்டேன்.

"செய்யலாம். ஆனா சார் உள்ள எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கார். எந்தப் பின்ல என்ன வோல்ட்டுன்னு அந்த டப்பாவைப் பாத்தாத்தான் தெரியும். நான் குத்துமதிப்பா குடுத்து ஒண்ணு தப்பாச்சுன்னா, அந்த நிமிஷமே மெமரி போயிடும். அந்தப் பாவம் எனக்கு வேணாங்க."

இதற்கிடையில் அம்மா அந்த முறுக்கு டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புதிதாக முறுக்கு சுட்டு நிரப்பினார். அத்தை பதறிப்போனார். "அண்ணி, இன்னும் வருஷம் திரும்பலை. அதுக்குள்ள எண்ணெய்ச் சட்டி வெச்சிட்டீங்களா?"

"பண்டிகைக்கா சுடறேன்? அடுத்தவங்க டப்பாவைக் காலியாவா திருப்பிக் குடுக்கறது?" என்றார் அம்மா.

முறுக்கு நமுத்துப் போனால் அதை எங்களுக்குத் தந்துவிட்டு மறுபடியும் சுடுகிறார். இந்த வருஷம் முழுவதும் நாங்கள் நமுத்த முறுக்கு தின்றுகொண்டிருக்கிறோம். விடியற்காலையில் அம்மா டிகாஷனை இறக்கிவிட்டு, பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நிற்கிறார். பிறகு அவராகவே ஊற்றிக் கலந்துகொள்கிறார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள். இத்தனை வருஷம் எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மாடி வீட்டார். காரியத்தன்று வரிசையில் நின்று பரிமாறிய பஸ் கம்பெனி நண்பர்கள். டப்பா கிடைத்த அன்றே எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பேட்டரியை மாற்ற வருவதாகச் சொல்லியிருக்கும் தென்னூர் நண்பர். டப்பா மாறியதற்காக என்னிடம் திட்டு வாங்கிய அத்தை. அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முறுக்கு கொண்டுவந்தவரே, உங்களுக்கும் நன்றி. எங்கள் டப்பாவின் மூடியை அப்பா திருகாணி போட்டு இறுக்கியிருப்பார். திறக்க வராததால் நீங்கள் அதை அப்படியே பரணில் போட்டிருப்பீர்கள். தயவுசெய்து ஏறிப் பாருங்கள். தூக்கினால் கனக்கும், பின்பக்கம் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். ஏன் இத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன். கத்தவும் மாட்டேன். உங்கள் டப்பா நிறைந்தே இருக்கிறது.

முடிந்தால் விடியற்காலையில் வாருங்கள். அம்மா இன்னும் பாலை ஊற்றியிருக்க மாட்டார்.