குருக்கலெஸ்குவின் பொன்னாடை

ருமேனியாக் கவிஞர் யோன் குருக்கலெஸ்கு குருக்கள்மடத்தில் கோழி வளர்க்கிறார் என்று காத்தான்குடித் தேத்தண்ணிக் கடையொன்றில் கதை அடிபட்டது. அவர் கவிதையைப் படித்துக் கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். பஸ் ஏறினேன்.

கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் பெயர் சிவதர்ஷன். ருமேனியாவில் ஒரு பேக்கரியில் இரண்டு வருடம் மா பிசைந்துவிட்டுத் திரும்பியவர். போவதற்கு முன் வாவியைப் பற்றி ஒரு கவிதை எழுதி, நகரத்து இலக்கிய வட்டத் தலைவர் வல்லிபுரம் சேரிடம் கொடுத்திருந்தார். சேர் அதைக் கூட்டத்தில் மூக்கால் வாசித்துச் சபையைச் சிரிக்கவைத்தார். "தம்பி, வாவிய விட்டுருங்க. அது பாவம்."

"அங்க நெருப்பெரியிற போறணைக்கு முன்னால நிண்டும் அந்தச் சிரிப்புத்தான் என்னச் சுட்டது" என்றார் சிவதர்ஷன்.

ஊர் வந்ததும் பழிவாங்கும் வேலை தொடங்கியது. அதே கவிதையில் வாவியை அழித்து டான்யூப் என்று போட்டார். தோணியைப் படகாக்கினார். ஊர்ப் பெயரின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, அதன் வாலில் ஒரு 'எஸ்கு' ஒட்டிக் கவிஞரைப் பிறப்பித்தார். மொழிபெயர்ப்பாளர் என்று தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

வல்லிபுரம் சேர் உருகிப்போனார். கூட்டம் வைத்தார், மேடையில் அழுதார். கவிஞரிடம் சேர்ப்பிக்கும்படி சிவதர்ஷன் கையில் ஒரு பொன்னாடையும் கொடுத்தார். இதற்காகவே காத்திருந்தவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சேர், குருக்கலெஸ்கு எண்டு ஒருத்தரும் இல்ல. நீங்க சிரிச்ச வாவிக் கவிதைதான் இது. நான்தான் எழுதினன்."

சேர் அவர் தோளில் கை போட்டார்.

"மொழிபெயர்க்கிறவங்களுக்கு இப்படி வாறதுதான். மூலக் கவிஞரோட ஒண்டாக் கலந்துருவாங்க. ஆனா தம்பி, மூலத்தில இருக்கிற வேகம் உங்கட தமிழில இல்ல."

பலத்த கைதட்டல்.

"வீட்ட வந்து அழுதவரு" என்றார் மனைவி விதுர்ஷா, தீனி போட்டபடி.

"அழல்ல. வேர்த்தது."

மறுநாளே சிவதர்ஷன் குருக்கலெஸ்குவைக் கொன்றார். மாரடைப்பு என்று முகநூலில் அறிவித்தார். மாலைக்குள் சேரின் இரங்கலுரை வந்துவிட்டது. காலமானவர் மாதம் தவறாமல் அவருக்குக் கடிதம் எழுதுவாராம்.

"அந்தக் கடிதங்களக் காட்டுங்க சேர் எண்டு கண்ட கண்ட இடமெல்லாம் கேக்கிறன். சந்தையிலயும் கேட்டன், செத்த வீட்டிலயும் கேட்டன். விடமாட்டன்."

சேரும் சும்மா இல்லை. கவிஞர் போய்விட்டதால் பொன்னாடையைத் திருப்பித் தரச்சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். வட்டத்திடம் இருந்தது அது ஒன்றுதானாம். அடுத்த கூட்டத்துக்கு வேண்டுமாம்.

"உரியவர் வந்து கேக்கட்டும், குடுக்கிறன்" என்றார் சிவதர்ஷன்.

மழைச்சாரல் அடிக்காமல் கூட்டின் ஒரு பக்கத்தில் அதைத்தான் கட்டியிருந்தார். கோழிகள் சரிகையைக் கொத்திக்கொண்டிருந்தன.