மூன்று மணிக்கு ஒருமுறை

1. 1991, பொங்கல் முடிந்த வாரம். வாலாஜாபாத்தில் பேருந்து ஏறினேன். இடது காலின் செருப்பு கழன்று விழுந்தது. எனக்குத் தெரியவில்லை.

2. இரண்டு மாதம் கழித்து வலது கண்ணில் புகை. தொழிற்சாலையில் அளவு காட்டும் டயல் கேஜின் முள்ளைப் படிக்க முடியவில்லை.

3. சென்னையில் ஒரு மருத்துவமனையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே அழியும் நோய்) என்றார்கள்.

4. ஆடி பிறந்ததும் அதே மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் ஐந்து வாரம்.

அங்கே காலையில் கம்பிகளைப் பிடித்து நடப்பேன். பிற்பகலில் அதே கால் தரையைத் தேய்க்கும். இந்த நோயின் அசதி தூங்கினால் போவதில்லை. உங்களுக்கும் அப்படியென்றால் அது சோம்பல் இல்லை.

டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது.

கடைசி வாரம், காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். தாழ்வாரத்தின் கடைசிவரை போய்த் திரும்பினேன். சான்று எழுத அவர் பேனாவைத் திறந்தார்.

தொழிற்சாலை லைனில் காலையில் வரும் முதல் பாகங்களை மட்டும் அளந்து நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. இயந்திரம் சூடேறிய பிறகுதான் அளவு நகரும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராமலே இருந்திருக்கலாம்.

"சார், மத்தியானம் மூணு மணிக்கு ஒருவாட்டி நடக்க வெச்சுப் பாருங்க."

கூட நின்ற அம்மா என் கையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்கறத வாங்கிகினு கம்முனு இருக்க மாட்டியாடி? உன் இன்ஸ்பெக்‌ஷனை உன் மேலயே பண்ணணுமா?"

"லைன்ல விழுந்தா மெஷின் மேலதாம்மா விழுவேன்."

மூன்று மணிக்குப் பன்னிரண்டு அடி நடந்தேன். பிறகு சுவரைப் பிடித்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை, நான்கு மணி நேரம் மட்டும் என்று மருத்துவர் எழுதினார். அன்று மாலை அம்மா கொய்யாப்பழத்தை நறுக்கித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

சான்றைத் தொழிற்சாலைக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை. கண் தெளிந்திருக்கிறது. ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்கிறேன். குளிப்பது, துணி மடிப்பது, இதை எழுதுவது எல்லாம் காலையில்தான். பகல் ஒரு மணிக்குப் படுத்துவிடுகிறேன். வெளியே வெயில் இருக்கிறது. என் நாள் அத்துடன் முடிந்துவிடுகிறது.