தைலம்மாளின் பாறை

கணவன் இறந்தபின் நிலத்தைப் பங்கு போட்டபோது, வெள்ளிமலைத் தைலம்மாளுக்கு வந்தது ஒரு பாறை. சாமை விளையும் மேட்டையும் மரவள்ளிச் சரிவையும் கொழுந்தன் சடையன் எடுத்துக்கொண்டான்.

"பாறைய எவன் திருடப் போறான் அண்ணி?" என்று சிரித்தான். பஞ்சாயத்துக்கு வந்தவர்களும் சிரித்தார்கள்.

அவள் ஊட்டிப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குக் கூலிக்குப் போனாள். அங்கே கற்களின் நடுவே, தரையோடு தரையாகப் பாய் விரித்ததுபோல் ஒரு குளிர்தேசத்துச் செடி படர்ந்திருந்தது. ஊசி இலை, இளஞ்சிவப்புப் பூ. மண்ணே இல்லாத இடத்தில் அது செழித்திருந்ததைப் பார்த்ததும் தன் பாறை நினைவுக்கு வந்தது. முதலாளியம்மாவிடம் கேட்டு, ஒரு பிடியை வேரோடு வாங்கி ஈரத்துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தாள்.

"இத தின்ன முடியுமா? மாடாவது மேயுமா?" என்று ஊரில் கேட்டார்கள்.

"தின்ன முடியாது. மேய உட மாட்டேன்."

முதல் மழையிலேயே செடி அழுகியது. நல்லது செய்வதாக நினைத்துப் பாறைமேல் எருமண்ணைக் குவித்து நட்டிருந்தாள், தண்ணீர் தேங்கிவிட்டது. விரலளவு கொடிதான் மிஞ்சியது. மறுநாள் எருவை வாரி எறிந்தாள். ஓடைமணலையும் பொடிக்கல்லையும் சுமந்து வந்து, மதிய வெயில் விழாத பக்கத்துப் பிளவில் நிரப்பிக் கொடியைச் செருகினாள். சித்திரையில் பாதி காய்ந்தது. காய்ந்ததை நறுக்கிவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். அது மெல்லப் படர்ந்து, இரண்டாம் வருடத் தையில் பாறையே பூத்தது.

அப்போதுதான் சடையன் பாறை உடைக்கும் வண்டியோடு வந்தான். புதுவீட்டு அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டுமாம்.

"நகரு அண்ணி. நாலு பூவுக்கு இன்னா ரகள?"

தைலம்மாள் பாறைமேல் ஏறி உட்கார்ந்தாள். "இத எங்கிட்ட தள்ளினது நீ. இப்ப எப்டி உன்னுதாச்சி?"

"சும்மாதான வச்சிக்கினு இருக்க?"

"சும்மாதான் வச்சிக்கினு இருப்பேன். ஒடைக்கணும்னா என்னையும் சேத்து ஒட."

வண்டிக்காரர் இறங்கவே இல்லை. "ஆளு உக்காந்திருக்கற கல்ல நான் தொட மாட்டேங்க" என்று வண்டியைத் திருப்பினார். சடையன் கத்திவிட்டுப் போனான். அதன்பின் அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவதில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் சமாதானம் பேசப் போகவில்லை.

இந்த வருட மழைக்கு முன் சடையன் மனைவி செவ்வந்தி ஒரு கொடி கேட்டு வந்தாள். தைலம்மாள் வேரோடு பெயர்த்துக் கொடுத்தாள். செவ்வந்தி அதை முந்தானையில் மறைக்கப் போனாள்.

"மறைச்சி எடுத்துக்கினு போறதா இருந்தா திருப்பிக் குடுத்துடு."

செவ்வந்தி கொடியைக் கையில் ஏந்திக்கொண்டு, கடைத்தெரு வழியாகவே நடந்தாள்.