மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி

லிஃப்ட் கதவுக்கு எதிரே ஒரு குட்டி முக்காலியைப் போடுகிறார் லிஃப்ட் மெக்கானிக். பிளாஸ்டிக் முக்காலி, ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். தோள்பையை இறக்குவதற்கு முன்பே, ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே இதைத்தான் போடுவார். தானும் அதில் உட்காருவதில்லை, பிறரையும் உட்கார விடுவதில்லை. கேட்டால், "அது மாப்பிள்ளைக்குங்க" என்பார்.

மாப்பிள்ளை என்று அவர் சொல்வது தன்னுடைய பயத்தை. "போய்யான்னு விரட்டுனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பாரு. விழுந்து விழுந்து கவனிச்சா வீட்டோடயே தங்கிடுவாரு. அதான், வாங்க, உக்காருங்க, நான் வேலையை முடிச்சுட்டு வந்துடறேன்னு சொல்லிடறது." அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். அந்த இனத்தின் குணம் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் போய் செம்புக்கம்பி வந்திருக்கிறது. எத்தனை மாடி என்றாலும் படியேறித்தான் போவார். "நான் ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல நானே ஏறுறதா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குய்யா" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. சட்டை போடும்போது முதலில் அந்தக் கையை நுழைத்துவிட்டு, கொஞ்சம் நின்று, பிறகுதான் மற்றதை நுழைப்பார். குளிர் நாளில் விலா எலும்பு வலிக்கும். வலிக்கிறது என்று சொல்லமாட்டார். பேச்சுக்கு நடுவே சும்மா ஒரு தரம் "ம்" என்பார்.

அந்தக் கையும் விலாவும் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் ஓடும் தடத்துக்கு அடியில், தரைக்கும் கீழே, ஆள் குனிந்து நிற்கிற ஆழத்தில் ஒரு குழி உண்டு. இவர் குழியில் இறங்குவார். மேல்தளத்து மோட்டார் அறையில் இவருடைய மைத்துனன் நிற்பான். மனைவியின் தம்பி, இவர்தான் கூட்டிவந்து வேலையில் சேர்த்தார். குழிக்குள் போன் எடுக்காது. அதனால் இருவருக்குள் ஒரு பாஷை: லிஃப்ட் பெட்டி ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் மூன்று தட்டு தட்டினால், 'நான் மேலே வந்துவிட்டேன், கரண்டைப் போடு' என்று பொருள்.

எட்டு மாதம் முன்பு ஒருநாள் மூன்று தட்டு கேட்டு மைத்துனன் கரண்டைப் போட்டான். இவர் குழியில்தான் இருந்தார். நிறுத்துவதற்கென்று அங்கே இருந்த சிவப்புப் பொத்தான் துருவேறிச் செத்துப்போயிருந்தது. பெட்டி இறங்கியது. மூலையில் ஒட்டிப் படுத்தவரின் தோளையும் விலாவையும் அதன் அடிச்சட்டம் அழுத்திக்கொண்டு நின்றது. கும்மிருட்டில் பதினோரு நிமிடம். இன்னும் நாலு விரல் இறங்கியிருந்தால் இந்தச் சொற்சித்திரத்துக்கு ஆளே இருந்திருக்க மாட்டார்.

பழி மைத்துனன் தலையில் விழுந்தது. "மூணு தட்டு கேட்டுச்சுக்கா, சத்தியமா கேட்டுச்சு" என்று அக்காவிடம் அழுதான். "என் புருஷனைக் கொல்லப் பாத்துட்டுச் சத்தியம் வேறயா?" என்று அவள் கதவைச் சாத்தினாள். இன்றுவரை திறக்கவில்லை. அவன் இரண்டு முறை காது டாக்டரிடம் போனான். காதில் குறையில்லை என்றார்கள். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. "கேட்டுச்சு" என்றவன், போகப் போக "கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றான். இப்போது அதுவும் சொல்வதில்லை.

உண்மையில் அவன் கேட்டது சரி. துருப்பிடித்த போல்ட் ஒன்று திருகவில்லை என்று ஸ்பானரால் அதன் தலையில் மூன்று தட்டு தட்டியவர் இவர்தான். தண்டவாளத்தோடு சேர்ந்த போல்ட் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் இது நினைவுக்கு வந்தது. அப்போது வாயில் குழாய் இருந்தது. குழாயை எடுத்தபிறகு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் குறுகுறுத்துக்கொண்டிருக்கிறது.

வேலைக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. முக்காலி வந்தது அப்போதுதான். கூடவே ஒரு பூட்டும் வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார். "சாவி என் பல்லுல இருக்கிற வரைக்கும் எந்த ராஜா வந்தாலும் கரண்ட் போட முடியாது." ஊருக்கு அது முன்ஜாக்கிரதை. மைத்துனனுக்கு அது தினமும் விழுகிற அறை. அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

இந்த இரண்டு மாதமும் மேல்வேலை மட்டும்தான் பார்த்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. குழி என்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவார். இன்றைக்கு வேறு ஆள் இல்லை. கட்டடமும் அதே கட்டடம். நாலாம் மாடி டீச்சரம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். இரண்டு மணிக்குள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். போனமுறை நாற்காலியோடு தூக்கி இறக்கியவர்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் தடுக்கிவிட்டார்கள். "செத்தாலும் சரி, இனிமே என்னைத் தூக்கக்கூடாது" என்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். மணி பன்னிரண்டு.

காவலாளி தன் பங்குக்கு, "அந்தக் குழி ஆள் கேக்குதுங்க. உள்ளயிருந்து முனகல் சத்தம் வருது" என்றார்.

"முனகுறது உங்க தண்ணி பம்பு. எண்ணெய் விட்டு ஆறு மாசம் ஆகியிருக்கும்" என்றார் இவர். சொல்லும்போது உதடு காய்ந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிறருக்குச் சொல்வது சுலபம். காவலாளி ஆற அமர முக்காலியில் உட்காரப் போனார்.

"அதுல வேணாம். ஆள் வராரு."

பெட்டி மூன்றாம் மாடியில் நின்றிருந்தது. இவரும் மைத்துனனும் மேலே மோட்டார் அறைக்குப் போய் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தார்கள். சாவி பல்லுக்குப் போனது. இவர் இரும்பு ஏணியில் ஒரு காலை வைத்தார். அடுத்த காலை எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. அன்றைக்கு மாப்பிள்ளை முக்காலியில் உட்காரவில்லை; இவருக்கு முன்னாலேயே குழியில் இறங்கி நின்றுகொண்டார்.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். விளக்கு செத்திருந்தது. மைத்துனன் கதவோரம் நின்று டார்ச் அடித்தான். எட்டு மாதத்தில் அவனும் குழியை எட்டிப் பார்த்ததில்லை. வெளிச்சம் நடுங்கியது. லிஃப்டை ஓடவிடாமல் பழுதாகிக் கிடந்த சுவிட்சின் தகட்டைத் தண்டவாளத்தோடு பிடித்திருந்த போல்ட்டில் இவர் ஸ்பானரை மாட்டித் திருகினார். அசையவில்லை. மறுபடி திருகினார். விலாவில் ஊசி ஏறியது. தட்டினால் துரு விடும். தட்ட ஸ்பானரை ஓங்கினார்.

கை ஓங்கியபடியே நின்றது. அதே போல்ட். தலைக்கு மேலே, இருட்டில், அதே பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு பூட்டியிருக்கிறது, சாவி பல்லில் இருக்கிறது, கரண்ட் வர வழியே இல்லை என்று புத்திக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியவில்லை. சட்டை நனைந்து ஒட்டியது. சாவியைக் கடித்த கடியில் ஈறில் ரத்தம் உப்புக் கரித்தது.

"மாமா, ஏறி வந்துடுங்க" என்றான் மைத்துனன். "நான் சொல்றதைக் கேளுங்க. வேற ஆளு வரட்டும்."

இவர் ஸ்பானரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மாடிப்படி வழியாக மேலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது: "அவசரமே இல்ல தம்பி, பாத்துச் செய்யுங்க. மணி மட்டும் பன்னெண்டேமுக்கால் ஆயிடுச்சு."

அப்போது ஏணி கிறீச்சிட்டது. டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைத்துனன் இறங்கிவந்தான். தண்ணீரில் கால் வைத்ததும் அவன் மூச்சு எகிறியது. இவருக்குப் பக்கத்தில், அதே பெட்டிக்கு அடியில், குனிந்து நின்று வெளிச்சத்தைப் போல்ட்டின் மேல் பிடித்தான். நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் பிடித்தான்.

இவர் அவனைப் பார்த்தார். ஓங்கிய கையை இறக்கி, சாவியை வாயிலிருந்து எடுத்தார்.

"மச்சான். அன்னைக்கும் இந்த போல்ட்டைத்தான் தட்டுனேன்."

அவனுக்குப் புரியவில்லை.

"மூணு தட்டு. நான்தான் தட்டுனேன். உன் காது சரியாத்தான் கேட்டுச்சு." ஸ்பானர் முனையால் போல்ட்டைக் காட்டினார். "எட்டு மாசமா எனக்குத் தெரியும்டா. இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்க அக்காகிட்ட உன் முன்னாடியே சொல்றேன்."

அவன் முகம் கோணியது. அழுகையா கோபமா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும். டார்ச்சை மட்டும் அவன் விலக்கவில்லை.

சாவியைச் சட்டையில் துடைத்தார். அதை அவன் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார். ஸ்பானரை ஓங்கி, போல்ட்டின் தலையில் நிதானமாக மூன்று தட்டு தட்டினார்.