துணியில் ஏறாத புகை

ஐம்பதுகளின் பிற்பகுதியில், பெங்களூர் கண்டோன்மென்டில் இருந்த ஒரு கிளப்பின் பாரில் நான் பரிமாறும் பேரராக இருந்தேன். மர்பி டவுனிலிருந்து நடந்தே போய்விடுவேன். பெக் அளந்து ஊற்றி மெம்பர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கிளாஸ் கழுவித் துடைத்து வைக்க ஜோகுபாளையத்திலிருந்து ஓர் அக்கா வருவார். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள்.

நல்ல மழைக்காலம் அது. காபித் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஸ்காட்லாந்திலிருந்து அவர் தம்பி அனுப்பிய விஸ்கி பாட்டிலைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். சீலை உடைத்து ஊற்றினேன். குப்பென்று விறகுப் புகை நாற்றம், கூடவே புண்ணுக்குப் போடும் டிங்சர் வாடை. வேறு கிளாஸில் ஊற்றினேன். அதிலும் அதே வாடைதான். துரை யாருடனோ பேசிக்கொண்டே குடித்துவிட்டார். பிறகு என் மேல் புகார் போகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மழை என்பதால் அக்கா துடைக்கும் துணிகளை வெந்நீர் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவார். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சீல் வைத்த சீமைச் சரக்கில் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை. என் தலை தப்பினால் போதும் என்று, எங்களுக்கெல்லாம் மேலாளாக இருந்த பட்லரிடம் ஓடினேன்.

"துணில புகை ஏறி கிளாஸெல்லாம் நாறுது சார்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அக்கா போகும்போது என்னைப் பார்த்தார்.

அன்று மாலை, சிவாஜிநகரில் வாங்கிய புதுத்துணியால் நானே கிளாஸைத் துடைத்துத் துரையின் விஸ்கியை ஊற்றினேன். அதே புகை. கிளாஸிலேயே ஊறிவிட்டதோ என்று நினைத்தேன். நேரே துரையிடம் போய், கிளாஸ் வாடைக்கு மன்னிக்க வேண்டும் என்றேன். தோட்டத்து ஆட்களிடம் தமிழ் பழகியவர் அவர். சிரித்துவிட்டார்.

"கிளாஸ் இல்ல மேன், சரக்கே அப்படித்தான். எங்க ஊர்ல சதுப்பு மண்ண வெட்டிக் காயவெச்சு எரிப்பாங்க. விஸ்கி காய்ச்சற பார்லிய அந்தப் புகையில காட்டுவாங்க. அந்த வாசனைக்குத்தானே குடிக்கிறது."

எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். அடுப்பு ஊதும்போது தொண்டைக்குள் போகும் புகை மாதிரி இருந்தது. நம் வீட்டில் ரசத்தில் இப்படிப் புகை வாடை அடித்தால் தட்டை நகர்த்திவிடுவோம். இவரோ கண்ணை மூடி ரசிக்கிறார். எது குற்றம், எது ருசி என்றே எனக்குப் புரியவில்லை.

பட்லரிடம் உண்மையைச் சொன்னேன். "வேற ஆள் போட்டாச்சு, விடுப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையம் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகக் கேட்டுவிட்டு,

"துணிய எடுத்து ஒரு தரம் மோந்து பாக்க எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?" என்றார்.

துரை ஊர் திரும்பும்வரை அவ்வப்போது ஒரு வாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது வாயில் பிடித்துப்போனதோ தெரியாது, பிடித்துவிட்டது. இப்போது அதே மாதிரி விஸ்கியை என் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறான். அந்தப் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம் நான் ரசிக்கிறேனா, கூசுகிறேனா என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கே தெரியவில்லை.