முந்நூற்றுப் பத்துக் கிராம்

தராசு முந்நூற்றுப் பத்துக் கிராம் கூடியிருப்பதாகக் காட்டியபோது என் மனைவி சிரித்தாள். மகள் பிறந்த ஒரு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். ஆனால் அந்த நிறையில் எவ்வளவு அவளுடைய பால், எவ்வளவு நான் ஒளித்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

கலியாணமாகிப் பதினான்கு வருடங்கள் கழித்துக் கிடைத்த பிள்ளை. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. வெள்ளவத்தையில் நான்காம் மாடி ஃபிளாட்டில் நாங்கள் மட்டும்தான். சொந்தக்காரர் எல்லாரும் வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் யோசனை சொன்னார்கள். ஒருவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார், அடுத்தவர் தண்ணீர் கூடவே கூடாது என்பார். பால் சுரக்குமென்று நான் சந்தைக்குப் போய்ப் பால்சுறா மீன் வாங்கி, வெள்ளுள்ளி அள்ளிப்போட்டு வறை செய்து கொடுத்தேன். அவள் எதையும் மறுக்காமல் சாப்பிட்டாள். பால் மட்டும் போதவில்லை. மூன்றாம் வாரம் மிட்வைஃப் வந்து நிறுத்தபோது பிள்ளை பிறந்த நிறைக்கே இன்னும் திரும்பியிருக்கவில்லை.

தாய்ப்பால் கொடுப்பதற்கு உதவவென்று ஆலோசகர்கள் இருப்பதே அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்தவர் பிள்ளைப்பேற்று வார்டில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற நேர்ஸ். தராசைப் பையில் வைத்துக்கொண்டு வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஒன்றும் சொல்லாமல் பிள்ளை குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையை மாற்றிவைத்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் பக்கத்தையும் எழுதிவைக்க ஒரு தாள் தந்தார். போகும்போது ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார்: "பால்மா தேவையெண்டா நானே சொல்லுவன். எனக்குத் தெரியாமக் குடுத்திடாதீங்கோ."

என் மனைவி அந்தத் தாளைக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டினாள். அதன்பின் அவளுடைய நாள் முழுவதும் அந்தத் தாளின்படி நடந்தது.

நான்தான் தாங்கவில்லை. அன்ரி வந்துபோன மூன்றாம் நாள் பிள்ளையின் அழுகை மெலிந்து, பூனைக்குட்டியின் சத்தம்போல ஆகிவிட்டதாக எனக்குப் பட்டது. உண்மையிலேயே மெலிந்ததா, என் பயம்தான் அப்படிக் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கொட்டாஞ்சேனையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சின்ன டின் பால்மா வாங்கினேன். வெள்ளவத்தை மருந்துக்கடைக்காரருக்கு எங்கள் இருவரையும் தெரியும். அங்கே வாங்கினால் அவளிடம் எப்படியும் விசாரித்துவிடுவார். டின் என் மடிக்கணினிப் பைக்குள் இருந்தது. காலையில் அவள் இலை அவித்த தண்ணீரில் குளிக்கப் போனதும், மாலையில் அவள் கண்ணயர்ந்ததும், கரண்டியால் பருக்கினேன். பிள்ளை மடக்மடக்கென்று விழுங்கியது. பிறகு தாயிடம் கொடுத்தால் இரண்டு தரம் இழுத்துவிட்டுத் தூங்கிப்போனது. "வடிவாக் குடிச்சிட்டாள் போல" என்று அவள் தாளில் எழுதுவாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த முந்நூற்றுப் பத்து.

அன்ரி சிரிக்கவில்லை. பிள்ளையை அதே உடுப்போடு மறுபடி நிறுத்து, பால் குடிக்கவிட்டு, உடுப்பு மாற்றாமல் திரும்பவும் நிறுத்தார். வித்தியாசம் இருபது கிராம். தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்து வாசித்தார்.

"இவ்வளவு மட்டும் குடிச்சு இப்பிடி நிறை ஏறாது, மகள். வேற ஏதும் குடுக்கிறீங்களோ?"

"இல்லை அன்ரி. ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லை."

அவள் அதைப் பெருமையோடு சொன்னாள். நான் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டு நின்றேன்.

அன்ரியை வழியனுப்பப் போனபோது லிஃப்டின் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. எவ்வளவு, எத்தனை தரம், எத்தனை கரண்டி மா என்று மட்டும் கேட்டார். நான் செய்தது பிழையோ என்று கேட்டேன்.

"நீங்கள் குடுக்காட்டிப் பிள்ளை வாடியிருக்கும். குடுத்தபடியாத்தான் பாலும் கூடேல்ல. வயிறு நிறைஞ்ச பிள்ளை சூப்பாது, சூப்பாட்டிச் சுரக்காது. ரெண்டும் உண்மைதான், தம்பி."

இரண்டில் ஒன்றை அவர் சொல்லியிருக்கலாம். எதுவென்றாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. தனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, அவளுக்குத் தெரியவேண்டும் என்று சொல்லி, வீட்டுக் கதவை நோக்கி முன்னால் நடந்தார்.

உள்ளே போய் நானே எல்லாவற்றையும் சொன்னபோது மனைவி சத்தம் போடவில்லை. "நான் குளிக்கேக்கையா?" என்றாள். ஓம் என்றேன். பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் இல்லையெண்டு சொன்னன். நீங்கள் பக்கத்தில நிண்டீங்கள்."

நான் பைக்குள்ளிருந்த டின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

அன்ரி பையைத் திறந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தார். நிறை குறையவிடக்கூடாது, பால்மாவைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது என்றார். பால்மாவைக் கரைத்து ஒரு கோப்பையில் விட்டு, குழாயின் ஒரு முனையை அதற்குள் போட்டார். மறுமுனையை முலைக்காம்பின் பக்கத்தில் பிளாஸ்டரால் ஒட்டினார். பிள்ளை தாயிடம் உறிஞ்சும்போது இரண்டு பாலும் சேர்ந்து வரும், உறிஞ்ச உறிஞ்சத் தாய்க்கும் சுரக்கும். கோப்பையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதை என் கையில் தந்தார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நான்கு நாட்கள் அப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் அவள் தோளில் என் தோள் முட்டும், பேச்சு இருக்காது. அவள் என்னை மன்னித்துக்கொண்டிருக்கிறாளா, சகித்துக்கொண்டிருக்கிறாளா என்று யோசித்தபடி கோப்பையைப் பிடித்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் பேசினாள்.

"கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ. பால் தானா விழுந்தா இவள் இழுக்கமாட்டாள்."

கோப்பையை அவள் மடியளவுக்கு இறக்கினேன். பிள்ளை ஒரு கணம் திகைத்துப் பிறகு பலமாக உறிஞ்சத் தொடங்கியது. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது, விழுங்கும் சத்தமும் கேட்டது. கோப்பையில் குறையாவிட்டால் விழுங்குவது அவளுடைய பால்தான். நாங்கள் இருவரும் கோப்பையையே பார்த்தோம்.

"குறையுதோ?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். பால் முன்பிருந்த அளவிலேயே நிற்பதுபோல இருந்தது. ஆனால் பிள்ளை இழுக்கும்போதெல்லாம் குழாய் அசைந்து அது தளும்பியது.

"விளங்கேல்ல" என்றேன்.